ஸ்கேன் எடுத்துப் போகாதீர்கள், சொல்லிக் கொடுத்துப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனியிலிருந்து போடிமெட்டு ஏறி வரும் பஸ்ஸில்தான் உங்கள் நாளிதழ் எங்கள் மூணாறுக்கு வந்து சேர்கிறது. சென்ற வாரம் அதில் பழைய சுவடிகளையும் நூல்களையும் மின்னாக்கம் செய்யும், அதாவது ஸ்கேன் எடுத்துக் கணினியில் சேமிக்கும் வேலை பற்றி ஒரு செய்தி படித்தேன். நல்ல வேலை. ஆனால் அதைப் படித்ததிலிருந்து எங்கள் மலைக்காரர்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூணாறில் 27 வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன். 1989-ல் திறந்து 2016-ல் மூடினேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் இன்னொருவர் ஸ்டூடியோவில் டார்க்ரூம் வேலை. எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறி வந்தவர். அப்பா, அம்மா இருவரும் தோட்டத் தொழிலாளிகள். சுற்றியுள்ள எஸ்டேட்களில் நான் எடுக்காத கல்யாணம், சடங்கு, காதுகுத்து, மாரியம்மன் திருவிழா குறைவு. மலைக்கு மேலே நடந்து போய், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் குடும்பத்தை லயத்து வாசலில் நிற்க வைத்து எடுத்த படங்கள் நிறைய உண்டு.

லயம் என்றால் என்ன என்று சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அந்த வீடு வேலை இருக்கும் வரைதான் நமக்கு. 58 வயதில் ஓய்வு வந்ததும், வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை அடுப்பெரித்த வீடு ஒரே நாளில் ஒரு மினி லாரிக்குள் அடங்கிவிடும். பாத்திரம் ஏறும், டிவி ஏறும். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றினால், இந்த மலை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், காகிதம் மட்டும் கையில் வரும். இப்படி உரிந்துபோன முகங்களோடு என் கடைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். சொந்த வீடு இருப்பவர்களுக்குப் பரணும் டிரங்குப் பெட்டியும் பழையதைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும். எங்களுக்கு அது கிடையாது. அதனால்தான் மின்னாக்கம் மற்ற யாரையும் விட எங்களுக்கு அதிகம் தேவை என்கிறேன்.

இது ரயில் ஓடிய ஊர் என்றால் சுற்றுலா வருகிறவர்கள் நம்புவதில்லை. 1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பி வடத்தில் கீழே கோட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகப் போகும். 1924 ஜூலை வெள்ளத்தில் பாலம், தண்டவாளம் எல்லாம் போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அதை இங்கே '99 வெள்ளம்' என்பார்கள். அந்த ரயிலின் படங்கள் இப்போதும் பார்க்கக் கிடைக்கின்றன. எஞ்சின் இருக்கும், ஸ்டேஷன் இருக்கும், தொப்பி வைத்த துரைமார் இருப்பார்கள். அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களின் பெயரை ஒரு படத்தின் கீழும் நான் பார்த்ததில்லை.

அது நூறு வருஷத்துக்கு முந்திய கதை, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் கண் முன்னாலேயே அது மறுபடி நடந்தது. சில வருஷங்களுக்கு முன்பு வெளியூரிலிருந்து ஒரு அமைப்பு வந்தது. நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். லயம் லயமாகப் போய்ப் பழைய படங்களை வாங்கி, பெரிய ஸ்கேனரில் எடுத்துக்கொண்டு, படங்களையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு நகரத்தில் கண்காட்சி நடந்தது. போய்ப் பார்த்தேன். முதுகில் கூடையோடு ஒரு அம்மா சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே 'தேயிலை பறிக்கும் பெண்' என்று எழுதியிருந்தது. அந்தப் படம் நான் எடுத்தது. அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியும், அவர் எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்று தெரியும், மூத்த மகளின் கல்யாணச் செலவுக்கு எந்தக் கங்காணியிடம் கடன் வாங்கினார் என்பது வரை தெரியும். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. பிழை அவர்களுடையது மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இதை இப்படித்தான் எழுதி வைக்க வேண்டும் என்று எங்களுக்கும் அன்றைக்குத் தெரியாது.

பெட்டிமுடிக்குப் பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதை நீங்களும் எழுதினீர்கள். எழுபது பேர். அதில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பலருக்கும் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். அந்த மாதக் கடைசியில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். வெளியூரில் வேலை பார்த்ததால் உயிரோடு இருப்பவள். "மாமா, அம்மா படம் ஒண்ணு வேணும். மாலை போடக்கூட எங்கிட்ட ஒரு படம் இல்ல" என்றாள். போனில் இருந்தது ஒன்றே ஒன்று, ரேஷன் கார்டில் இருந்து எடுத்த, ஸ்டாம்ப் அளவு படம்.

என் பதிவேட்டை எடுத்தேன். பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி நீள நோட்டு. தேதி, எஸ்டேட், டிவிஷன், பெயர், எத்தனை காப்பி, என்ன சைஸ், முன்பணம், பாக்கி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். அதே எண் நெகட்டிவ் உறையிலும் இருக்கும், படத்தின் பின்னால் பென்சிலிலும் இருக்கும். அரை மணி நேரத்தில் 1996-ல் எடுத்த ஒரு கல்யாணம் கிடைத்தது. அவள் அம்மா தோழிப்பெண்ணாக ஓரத்தில் நிற்கிறார். பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அந்தப் படத்தில் மொத்தம் பதினான்கு பேர். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஐந்து பேருக்குப் பெயர் சொன்னாள். மற்ற ஒன்பது பேரை அவளுக்குத் தெரியவில்லை. "இது யாரு மாமா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு இரண்டு பேரைத் தெரிந்தது. மிச்சம் ஏழு பேரைச் சொல்லக்கூடியவர்கள் அந்த ராத்திரிக்குப் பிறகு இல்லை. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

ஐயா, நான் சொல்ல வந்தது இதுதான். படத்தை எந்த இயந்திரமும் நகலெடுத்துவிடும். படத்தில் இருப்பது யார், அது எந்த லயம், அன்றைக்கு ஏன் எல்லாரும் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள் என்பது எழுபது வயதைத் தாண்டிய சில அம்மாக்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் வெளியூர்க்காரரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். பேத்தியிடம் சொல்வார்கள். ஆகவே ஸ்கேன் செய்யத் தெரிந்தவர் மலையேறி வருவதை விட, அந்தப் பேத்திக்கு ஸ்கேன் செய்யவும் எழுதி வைக்கவும் சொல்லிக் கொடுப்பதுதான் முக்கியம்.

போன ஏப்ரல் விடுமுறையில் இதை நாங்கள் சின்ன அளவில் செய்து பார்த்தோம். தமிழ் வழியில் படிக்கும் எட்டுப் பிள்ளைகள், ஐந்து பாட்டிமார், ஒரு லயத்து வாசல். கேரளப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் கணினி மன்றம் நடக்கிறது. எங்கள் எட்டில் இரண்டு பேர் அதில் இருப்பவர்கள், அவர்கள்தான் மற்றவர்களுக்குக் கை கொடுத்தார்கள். கையில் ஸ்கேனர் இல்லை, இரண்டு போன்கள்தான். வெயில் நேராக விழாத திண்ணையில் வெள்ளைச் சார்ட் விரித்து, படத்தை உறையிலிருந்து எடுத்துத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், போனைச் சாய்க்காமல் நேர் மேலே பிடித்து எடுக்கச் சொன்னேன். முதலில் படத்தின் பின்பக்கம், அப்புறம்தான் முன்பக்கம். இந்த வரிசையை நான் கண்டிப்பாக வைத்தேன். பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோ முத்திரை, எண், யாரோ கோணலாக எழுதிய ஒரு தேதி, எல்லாம் இருக்கும். அழகான முன்பக்கத்தைப் பார்த்துவிட்டால் பின்னால் திருப்ப யாருக்கும் ஞாபகம் வராது.

அப்புறம் ஒரு பட்டர் பேப்பரைப் படத்தின் மேல் வைத்து, மெல்லத் தலைகளை மட்டும் கோடு போட்டு ஒன்று, இரண்டு என்று எண் கொடுப்பது. பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எண்ணுக்கு நேரே பெயர் எழுத வேண்டும். ஒரு பிள்ளை எழுதும்போது இன்னொரு பிள்ளை பாட்டியின் குரலைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் தவறாகக் காதில் விழுந்திருந்தால் பின்னால் கேட்டுத் திருத்தலாம் என்பதற்காகத்தான் குரலைப் பதிவு செய்யச் சொன்னேன். அது அதற்கு மேலே போய்விட்டது. ஒரு பாட்டி தன் தங்கையின் படத்தைக் கையில் வாங்கியதும் பேச்சு நின்றுபோய், மெல்ல ஒப்பாரி சொல்லத் தொடங்கிவிட்டார். நான்கைந்து நிமிஷம் இருக்கும். போனைப் பிடித்திருந்த பையன் நிறுத்துவதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். விடு என்று கையால் சொன்னேன். முடிந்ததும் பாட்டியிடமே கேட்கச் சொன்னேன். "அது வெளிய போக வேண்டாம் கண்ணு, நம்ம வீட்டோட இருக்கட்டும்" என்றார். பையன் அந்தக் கோப்பின் பெயரிலேயே 'வெளியிட வேண்டாம்' என்று சேர்த்து எழுதினான். இதை எந்த வகுப்பிலும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. காப்பாற்றுவது வேறு, ஊருக்கெல்லாம் காட்டுவது வேறு என்பது அன்று எட்டுப் பிள்ளைகளுக்கும் புரிந்தது. வீட்டுப் பெண்களின் படங்களை இணையத்தில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் பல வீடுகளில் ஆல்பத்தை வெளியே எடுக்கவிடாமல் செய்கிறது. பயிற்சி என்று நடந்தால் இதைத்தான் முதல் நாள் பேச வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேர்க்க வேண்டாம் என்பதையும் அடித்துச் சொன்னேன். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. வேறு வழியில்லை என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பினால் குறையாது. பல பேர் இன்னும் இது தெரியாமல், தாத்தாவின் ஒரே படத்தை வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்பிவிட்டு அசலைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

கணினிக்குள் போய்விட்டால் காலத்துக்கும் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2007-ல் நான் டிஜிட்டல் காமிராவுக்கு மாறினேன். 2012 வரை எடுத்த கல்யாணங்கள் அனைத்தும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. ஒரு நாள் உள்ளே டிக் டிக் என்று சத்தம், அப்புறம் திறக்கவே இல்லை. எர்ணாகுளம் வரை கொண்டு போய்ப் பார்த்தும் வரவில்லை. 1991-ல் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. 2009-ல் கல்யாணம் ஆனவர்கள் ஆல்பம் தொலைந்து போய் என்னிடம் வந்தால் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று மூணாறில், இன்னொன்று தேனியில் என் மகள் வீட்டில். ஒரே மலையில் இரண்டையும் வைத்துப் பயனில்லை என்பதை 2018 ஆகஸ்ட் வெள்ளம் சொல்லிக் கொடுத்தது.

அந்த வெள்ளத்தில் பழைய மூணாறில் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. நெகட்டிவ்களை எப்படிக் காப்பாற்றுவது என்பது டார்க்ரூமில் வளர்ந்தவனுக்குத் தெரியும். காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, கிளிப்பில் தொங்கவிட வேண்டும். அவை பெரும்பாலும் பிழைத்தன. ஆனால் சுற்றி இருந்த வீடுகளில் நனைந்த ஆல்பங்களை அப்படியே மூடி அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்துவிட்டார்கள். பளபளப்புப் படங்கள் காயும்போது ஒன்றோடொன்று பிசின் போட்டது போல ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருக்கும்போதே பிரித்து, முகம் மேலே தெரியும்படி துணியில் பரப்பியிருந்தால் முக்கால்வாசி தப்பியிருக்கும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் வானத்தைப் பார்த்துப் பயப்படும் ஊரில், லயத்துக்கு இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 2003-ல் என் பதிவேட்டில் இருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தமிழில் அடிக்க வைத்தேன். அன்றைக்குப் புழங்கிய ஏதோ ஒரு எழுத்துரு. பதினைந்து வருஷம் கழித்துத் திறந்தால் வெறும் கோணல்மாணல் குறிகள். போயிற்று என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது யூனிகோடுக்கு மாத்தினா வரும்" என்று இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு, இன்று எல்லாக் கணினியிலும் தெரியும் அந்த எழுத்து முறைக்கு மாற்றிப் பத்து நிமிஷத்தில் அத்தனை பெயரையும் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அந்தப் பெயர்களில் ஒருவரையும் தெரியாது. எனக்கு அந்தத் தொழில்நுட்பம் தெரியாது. இரண்டு பேரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்ததால் நடந்தது.

தமிழர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்துதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தே இலக்கியங்களை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த மக்களிடமிருந்துதான் 2005-ல் நூலகம் என்ற மின்னூலகம் எழுந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் மின்னூலகம் நடத்துகிறது. இவர்களிடம் இருக்கும் அறிவு பெரிது. அது எல்லை தாண்டி மலைக்கு மேலே எங்கள் வரை இன்னும் ஏறி வரவில்லை.

கேரளத்திலோ வேறொரு பலம் இருக்கிறது. ஊருக்கு ஊர் வாயனசாலை என்கிற நூலகம் உண்டு. 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் அறிவித்தது. அதற்காக வீடு வீடாக வந்தவர்கள் எங்கள் பாட்டிமாருக்கும் வீடியோ கால் பேசச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே பாட்டிக்கு, அதே போனில், தன் பழைய படத்தைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யவும் சொல்லிக் கொடுக்கலாம். மலையாளத்தில் சொன்னாலும் எங்களுக்குப் புரியும். ஆனால் படத்தில் இருக்கும் சித்தி, மதினி, கொழுந்தியா உறவெல்லாம் தமிழில்தான் வெளியே வரும். எழுதுவதும் தமிழில்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். லாரியில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வராதீர்கள். சொல்லிக் கொடுக்கத் தெரிந்த இரண்டு பேர், பள்ளி விடுமுறையில் பத்து நாள் வந்து தங்கினால் போதும். மூணாறில் மட்டும் என்று கேட்கவில்லை. பீருமேடு, வண்டிப்பெரியாறு, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, அந்தப் பக்கம் ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் என்று தமிழ் பேசும் வீடுகள் இருக்கும் இடமெல்லாம் வாருங்கள். ஒரு சாதாரண ஸ்கேனர், இரண்டு ஹார்டு டிஸ்க், இருபது நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், படத்தின் பின்னால் மை ஊறும். நீங்கள் போன பிறகும் எங்கள் பிள்ளைகள் செய்துகொண்டே இருப்பார்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

நான் பார்த்து முடிக்க வேண்டிய நெகட்டிவ் பெட்டிகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அதில் மூன்றைத் திறந்தாலே புளித்த வாடை அடிக்கிறது. ஃபிலிம் உள்ளே கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவற்றைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம்.

மூணாறு எஸ்டேட்களை விட்டு இறங்கி இப்போது சங்கரன்கோவிலிலோ கயத்தாறிலோ கம்பத்திலோ திருப்பூரிலோ இருக்கும் குடும்பங்களும் இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும். வீட்டில் பழைய கல்யாணப் படம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஊதா நிறத்தில் வட்ட முத்திரையும், அதன் கீழே பென்சிலில் ஒரு எண்ணும் இருந்தால், அந்த எண்ணையும் படத்தில் நிற்பவர்களின் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதி இந்த நாளிதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஆசிரியர் அதை எனக்குச் சேர்ப்பித்தால் என் பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே எழுதிக்கொள்வேன். 1996 கல்யாணத்தின் எண் 412. மேல் வரிசையில் வலது கோடியில், கையில் குழந்தையோடு நிற்கும் அக்கா யார் என்று தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.